எம்டன், கீழ்ப்பாக்கம், கஞ்சித்தொட்டி: வடசென்னையில் அச்சமும் அதன் மருந்தும்

சென்னைப் பேச்சுத்தமிழுக்கு இந்நகரத்தின் வரலாறு மூன்று சொற்களைக் கொடுத்திருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்றால் கெட்டிக்காரன், கண்டிப்பானவன், கண்டால் நடுங்க வேண்டியவன் என்று பொருள். 'அது கீழ்ப்பாக்கம் கேஸு' என்றால் சித்தம் கலங்கியவர் என்று பொருள்; விளையாட்டாகச் சொன்னாலும் வசைதான். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றால் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. முதலாவது அச்சத்தின் பெயர். இரண்டாவது அவமானத்தின் பெயர். மூன்றாவது, கையில் காசில்லாதவரும் கூசாமல் போய்ச் சேரும் இடத்தின் பெயர். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தில் பதற்ற நோயின் கதை இந்த மூன்று சொற்களுக்கு நடுவில்தான் நிகழ்ந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதற்ற நோய் என்று நாம் குறிப்பது, எல்லார்க்கும் வரும் கவலையை அன்று. காரணம் தீர்ந்தபின்னும் தீராத அச்சம் அது. சில வேளை காரணமே இன்றி எழும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை வியர்க்கும், வயிறு பிசையும், இதோ செத்துவிடப் போகிறோம் என்ற எண்ணம் மின்னலாய் வெட்டும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு மெல்லத் தணியும். தணிந்தபின், மறுபடி எப்போது வருமோ என்ற அச்சம் தொடங்கும். மாதக்கணக்கில் அடங்கியிருந்து, வீட்டில் சாவு, வேலையிழப்பு, வெள்ளம் என்று ஏதேனும் நேரும்போது மீண்டும் மூண்டெழுவது இந்நோயின் இயல்பு. நம் வீடுகளில் இதற்குப் 'படபடப்பு', 'பயந்த கோளாறு', 'காத்து கருப்பு' எனப் பல பெயர்கள். வேப்பிலை அடித்தல், மந்திரித்தல், தாயத்துக் கட்டுதல் எனப் பல வைத்தியங்கள். கோயில், தர்கா, மாதா கோயில் என்ற பேதம் இதில் இல்லை.

தமிழிலக்கியம் பயின்றோர்க்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது தோன்றும் நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவன் ஆகிய நான்கைத் தொல்காப்பியர் வகுக்கிறார். இந்நான்கும் வெளியே இருப்பவை. கண்ணால் காணவோ பெயர் சொல்லவோ இயல்பவை. அஞ்சுபவன் ஒருபுறம், அஞ்சப்படும் பொருள் மறுபுறம். பொருள் அகன்றால் அச்சமும் அகலும். 'மெய்ப்பாடு' என்ற சொல்லே உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைக் குறிப்பது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நெஞ்சுத் துடிப்பையும் வியர்வையையும் அச்சத்தின் பகுதியாகவே கண்ட மரபு நம்முடையது. பொருள் அகன்ற பின்னும் உடல் துடித்துக்கொண்டிருந்தால் அதை என்னவென்பது? இந்தக் கேள்வியைச் சென்னை துறைமுகம் ஓரிரவில் நகரம் முழுமைக்கும் எழுப்பியது.

எம்டன்

1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல், கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரையை நெருங்கியது. அதன் முதற்குறி, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. தீ வெகுதொலைவுக்குத் தெரிந்தது. கப்பல் இருளில் மறைந்தது. உயிரிழந்தோர் சிலரே. போர்க் கணக்கில் அது சிறு நிகழ்ச்சி.

அச்சத்தின் கணக்கு வேறாக இருந்தது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு வெளியேறத் தொடங்கினர். ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. வண்டி கிடைக்காதோர் நடந்தே சென்றனர். எம்டன் திரும்பி வருகிறது என்ற வதந்தி நாள்தோறும் புதிதாய்ப் பிறந்தது. ஏழு வாரங்களுக்குள், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனைத் தாக்கி முடக்கிப்போட்டது. அஞ்சப்படும் பொருள் அகன்றது. பெயர் மட்டும் சென்னையில் தங்கிவிட்டது. பிள்ளைகளை மிரட்டும் சொல்லாயிற்று. பின் கண்டிப்பான தகப்பனுக்குப் பட்டப்பெயராயிற்று. 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்ட திரைப்படமொன்று 2006இல் தமிழ்ப்பெயர் வேண்டி 'எம் மகன்' ஆனதை வாசகர்கள் அறிவர்.

அக்காலத்தில் எத்தனை பேர் நள்ளிரவில் அலை ஓசைக்குத் திடுக்கிட்டு விழித்திருப்பர், எத்தனை பேர் ஒவ்வொரு கப்பல் சங்குக்கும் நெஞ்சைப் பிடித்திருப்பர் என்பதற்கு ஆவணம் கிடையாது. காரணம் எளியது. அத்தகையோர் எந்த மருத்துவரிடமும் செல்லவில்லை, செல்வதற்கு இடமில்லை. மருத்துவ உலகமே அப்போதுதான் இதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப்போர் வீரர்களிடம் கண்ட நெஞ்சுப் படபடப்பைப் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதினார்; இதயத்தில் கோளாறு காணாமலே இதயம் துடிக்கும் விந்தையை அவர் விவரித்தார். ஃப்ராய்ட் 1895இல் பதற்ற நோயைத் தனி நோயாகப் பிரித்தார். பதுங்குகுழிகளில் குண்டுச்சத்தம் கேட்டு நிலைகுலைந்த வீரர்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் எழுதியது 1915இல், எம்டனுக்கு மறு ஆண்டு. இவை யாவும் படைவீரர்களையும் ஐரோப்பிய நகரத்தாரையும் பற்றியவை. ராயபுரத்துப் படகுக்காரரின் படபடப்பை எழுத அன்று யாருமில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே காட்சி பெரிய அளவில் திரும்பியது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கினர். அடுத்தது சென்னைதான் என்று அரசே நம்பியது. அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. இன்றியமையாத பணியில் இல்லாதோர் நகரை விட்டுச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர். சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிச்சாலையில், குண்டு விழுந்தால் தப்பித்துவிடும் என்று அஞ்சிக் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து துறைமுகப் பகுதியில் குண்டு வீசிச் சென்றதோடு முடிந்தது. ஓர் அரசாங்கம் தன் பதற்றத்துக்கு ரயிலும் உத்தரவும் துப்பாக்கியும் பயன்படுத்தலாம். தனிமனிதர்க்கு அன்று இருந்த ஒரே பொது நிறுவனம் கீழ்ப்பாக்கம்.

கீழ்ப்பாக்கம்

சென்னையில் சித்தம் கலங்கியோரை வைத்துக் காக்க ஒரு விடுதியை 1794இல் தொடங்கியவர் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர். அதன் வழித்தோன்றலாகக் கீழ்ப்பாக்கத்தில் லோகாக்ஸ் கார்டன் என்ற தோட்டத்தில் 1871இல் மனநோயர் காப்பகம் எழுந்தது. படபடக்கும் இதயத்தைப் பற்றி டா கோஸ்டா எழுதிய அதே ஆண்டு. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆயினும் பதற்றத்தை நோயாகக் காணும் சிந்தனை ஓரிடத்திலும், மனநோய் என்றால் மதிற்சுவர் என்ற ஏற்பாடு மற்றோரிடத்திலும் ஒரே காலத்தில் உருக்கொண்டதை அது காட்டுகிறது.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டப்படி, காப்பகத்துக்குள் செல்லும் வழிகளுள் முதன்மையானது குற்றவியல் நடுவரின் ஆணை. பிறர்க்கு இடையூறு செய்பவரை, தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவரை மனத்தில் வைத்து வகுத்த சட்டம் அது. வேலைக்குச் சென்றுகொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு அதில் இடமில்லை. இடம் கொடுத்தாலும் அவர் ஏற்றிருக்க மாட்டார். 1922இல் காப்பகம் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. பின்னர் 1978இல் மனநலக் கழகம் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியதேயொழிய வசை மாறவில்லை.

உண்மையான மாற்றம் மருந்துகளால் வந்தது. சர்ப்பகந்தி வேர் பித்தைத் தணிக்கும் என்பது நம் நாட்டு வைத்திய வழக்கு. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் ஆகியோர் 1931இல் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். 1952இல் சுவிஸ் ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டு பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயர்க்குக் கொடுக்கப்பட்டது. சங்கிலிக்கும் பூட்டுக்கும் மாற்று உண்டு என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது. பதற்ற நோயர்க்குரிய மருந்து 1960இல் வந்தது. நாஜிகளின் அச்சுறுத்தலால் ஐரோப்பாவை நீங்கி 1941இல் அமெரிக்கா சென்ற யூத வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசிபாக்ஸைடு அது. 1963இல் அதன் உறவான டயசிபாம் சந்தைக்கு வந்தது. அச்சத்துக்கு அஞ்சி ஓடிய ஒருவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து அச்சம் தணிக்கும் மாத்திரை பிறந்தது. வீட்டிலேயே இருந்துகொண்டு, தண்ணீருடன் விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்லக்கூடிய மருந்து!

இதன் மறுபக்கமும் விரைவிலேயே தெரிந்தது. மிகுந்த அளவில் மாதக்கணக்கில் கொடுத்துத் திடீரென நிறுத்தினால் நோயாளிகள் நடுக்கமும் தூக்கமின்மையும் வலிப்பும் அடைகின்றனர் என்று 1961இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆயினும் இவ்வகை மாத்திரைகள் உலகெங்கும் மிட்டாய்போல் விற்றன. 1980களின் பிற்பகுதியில் ஃப்ளூவாக்ஸடின் வகையைச் சேர்ந்த மருந்துகள் வரத் தொடங்கின. இவை உடனே அமைதி தருவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகும். முதல் நாட்களில் படபடப்பைச் சற்றே கூட்டவும் கூடும். ஆனால் அடிமையாக்குவதில்லை. இன்று பதற்ற நோயின் நீண்டகாலச் சிகிச்சைக்கு இவையே முதன்மை. டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை குறுகிய காலத் துணை மட்டுமே. பேச்சுவழிச் சிகிச்சையும் இவற்றுக்கு இணையாகப் பயன் தருகிறது.

தமிழகத்தில் இம்மருந்துகள் மதிற்சுவரைத் தாண்டியதில் ஒரு பெண்மணிக்குப் பெரும்பங்கு உண்டு. 1923இல் மங்களூரில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அடைத்துவைக்கும் இடமாக இருந்ததை, வந்து மருந்து வாங்கிச் செல்லும் இடமாகவும் ஆக்க வெளிநோயாளர் பிரிவை வளர்த்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் தோன்றவும் பாடுபட்டார். ஓய்வுக்குப்பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். 2021 டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார். பொது மருத்துவமனையில், காய்ச்சலுக்கு வந்தவர் பக்கத்திலேயே மனநோய்க்கும் சீட்டு வாங்கி நிற்கலாம் என்ற இன்றைய நிலை அவர் தலைமுறையினரின் உழைப்பால் வந்தது.

கஞ்சித்தொட்டி

இவ்விடத்தில் மூன்றாம் சொல்லுக்கு வருகிறோம். ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் சென்னையைச் சூழ்ந்திருந்த 1782இல், வடக்குப் புறத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது பெயர். ஆங்கிலேயர் நாவில் அது 'மோனிகர்' ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கினார். அது வளர்ந்து ராயபுரம் மருத்துவமனையாகி, 1930களில் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 1938இல் மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. மருத்துவமனையாக வளர்ந்த பின்னும் வடசென்னை மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தனர். ஒரு பேரிடரில் பிறந்த மருத்துவமனை என்பதை அச்சொல் மறக்காமல் வைத்திருந்தது. பஞ்சத்தில் வந்து நின்றவரிடம் யாரும் ஏன் பசித்தாய் என்று கேட்கவில்லை.

ஸ்டான்லியில் இன்று மனநலப் பிரிவு இயங்குகிறது. மருந்து இலவசம். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறை, பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, மனநலச் சிகிச்சையை ஊர்தோறும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உறைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதை உரிமையாகவே எழுதிவைத்துள்ளது. 'எந்நேரமும்' என்ற சொல்லை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் அந்நேரம் பெரும்பாலும் நல்ல நேரமாக இருப்பதில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களுக்குள் புகுந்தது. வீடிழந்தோர் பலர் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடில்களில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பின்னர் நகரின் தென்கோடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். அப்போதுதான் தமிழகத்தில் முதன்முறையாக, பேரிடரில் மனமும் காயப்படும் என்பது பெரிய அளவில் பேசப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். கடலைக் கண்டாலே நடுங்கும் மீனவர், அலை ஓசையில் உறங்க இயலாத பிள்ளைகள் ஆகியோரின் நிலை ஏடுகளில் இடம்பெற்றது. தொல்காப்பியர் சொன்ன முதல் நிலைக்களனாகிய தெய்வத்தின் இடத்தில் அவர்களுக்குக் கடல் நின்றது.

ஆனால் புதிதாக அஞ்சியோரைப் பற்றிப் பேசிய அளவுக்கு, முன்பே நோயுற்று மருந்தில் இருந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டோடு மாத்திரையும் ஓ.பி. சீட்டும் போனவர் என்ன செய்திருப்பார்? நீரிழிவுக்காரர் முகாமில் வந்த மருத்துவரிடம் எல்லார் முன்னிலும் 'எனக்குச் சுகர், மாத்திரை போயிடுச்சு' என்று கேட்டுவிடலாம். 'எனக்குப் படபடப்புக்கு மாத்திரை வேணும்' என்று கேட்க, கீழ்ப்பாக்கம் என்ற சொல்லைத் தாண்டி வர வேண்டும். அக்கம்பக்கத்தார் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது அது எளிதன்று.

இவ்வேற்றுமை நம் வீடுகளின் அமைப்பிலேயே தெரியும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் டிவி மேலோ, ஃப்ரிட்ஜ் மேலோ, சாமி படத்தின் பக்கத்திலோ எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். மறந்தால் மருமகள் நினைவூட்டுவாள். தீர்ந்தால் பேரன் வாங்கி வருவான். பதற்றத்துக்கான மாத்திரை பீரோவில் புடவைக்கு அடியிலோ கைப்பையின் உள் அறையிலோ இருக்கும். யார்க்கும் தெரியாததால், யாரும் நினைவூட்டுவதில்லை. வெள்ளத்தில் எதை எடுப்பது என்று பதறும் வேளையில் யார் கண்ணிலும் படாததும் அதுவே. மறைத்துவைத்த மருந்துதான் முதலில் தொலைகிறது. நோயாளியின் மறதியென்று இதைத் தள்ளிவிட இயலாது. ஒரு வசைச்சொல் வீட்டுக்குள் பொருள்களை அடுக்கிவைத்திருக்கும் முறை அது.

மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் திடீரென நின்றால் பலர்க்குச் சில நாட்களில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நோய் முற்றிவிட்டது என்று தவறாக எண்ண வைக்கும். அல்பிரசோலம், டயசிபாம் வகையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர் சட்டென நிறுத்துவதோ ஆபத்தானது. நடுக்கமும் உறக்கமின்மையும் தொடங்கி வலிப்புவரை போகலாம். அவ்வேளையில் நடுக்கத்தை அடக்க மதுவை நாடுவோரும் உண்டு. பின்னர் மாத்திரை கிடைத்து இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். வெளியே வெள்ளம், உள்ளே நோய், இவற்றோடு மருந்து நின்றதன் விளைவும் சேர, மூன்றில் எது எது என்று நோயாளியே பிரித்தறிய இயலாத நிலை உண்டாகிறது.

2020இல் இது வேறு வடிவில் வந்தது. மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. தொடக்க மாதங்களில் சென்னையிலேயே மிகுதியான கொரோனா தொற்று ராயபுரம் மண்டலத்தில் பதிவாயிற்று. பேருந்தும் ரயிலும் இல்லை; தெருக்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன. மூச்சு முட்டுகிறதே, இது கொரோனாவா பதற்றமா என்ற ஐயம், பதற்ற நோயர்க்குப் பிறரினும் பன்மடங்கு. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் தொலைமருத்துவ நெறிமுறை வெளியானது நல்வாய்ப்பு. ஆயினும் போதைப்பொருள், உளமாற்று மருந்துகள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைபேசி வழியே எழுத அது தடை விதித்தது. அல்பிரசோலமும் டயசிபாமும் அச்சட்டத்தில் வருபவை. மருந்துக் கடைகளிலோ, 2014 மார்ச் முதல் இவற்றை மருத்துவர் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்பது விதி. அடிமைப்படுதலைத் தடுக்க வந்த நல்ல விதிகள்தாம் இவை. பேரிடரில் சீட்டைத் தொலைத்தவர்க்கு அவையே மதிற்சுவர் ஆகின்றன.

மூன்றாம் நிகழ்ச்சி அண்மைக்காலத்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல்மழை வடசென்னையை மூழ்கடித்தது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கசடு வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவி, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கருப்பாய்ப் படிந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆழிப்பேரலையின் நினைவு நாளிலேயே இது நேர்ந்தது. இருபத்திரண்டு நாட்களுக்குள் புயல், எண்ணெய், வாயு!

எம்டனின் தலைமுறைக்கு அஞ்சப்படும் பொருள் கண்ணுக்குத் தெரிந்தது. தீப்பிழம்பும் கப்பலும் அது. அம்மோனியாவுக்கு உருவமில்லை. ஆகவே எண்ணூரில் அதற்குப்பின் ஒவ்வொரு விநோத வாடைக்கும் விழித்துக்கொள்ளும் ஒரு பெண்ணை நோயாளி என்பதா, எச்சரிக்கை உள்ளவர் என்பதா? இரண்டும் ஆகலாம் என்பதே நேர்மையான விடை. அவர் அச்சத்தின் ஒரு பகுதிக்கு மருந்து தொழிற்சாலைக் கண்காணிப்பிலும் எச்சரிக்கைச் சங்கிலும் இருக்கிறது. அதை மாத்திரையால் தீர்க்க முனைவது அநியாயம். மறு பகுதி, வாடை போன பின்னும் விடியும்வரை துடிக்கும் நெஞ்சு. அதற்குச் சிகிச்சை உண்டு. போராட்டம் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடுவதும் அநியாயமே. காற்று மாசால் ஆஸ்துமா மிகுந்த இப்பகுதியில், படபடப்புக்கு எழுதப்படும் புரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்க்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் தேவை. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கும் மாத்திரையில் இத்தகைய ஆபத்து ஒளிந்திருக்கும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு இவ்வரலாறே சில வழிகளைக் காட்டுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை இக்கடலோரத்தில் எதுவும் நிகழலாம். ஆகவே பருவமழைக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லி, சில நாட்களுக்கேனும் கூடுதல் மருந்து கேட்டு வைத்துக்கொள்ளலாம். மாத்திரைப் பட்டையையும் ஓ.பி. சீட்டின் நகலையும் தண்ணீர் புகாத உறையில் இட்டு, ரேஷன் அட்டையும் ஆதாரும் இருக்கும் அதே பையில் வைக்க வேண்டும். சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவர்க்கு அனுப்பிவைக்கலாம். மருந்தின் பெயரையும் அளவையும் வீட்டில் இன்னொருவராவது அறிந்திருக்க வேண்டும். படபடப்பு மூண்டெழுந்தால் தாமாக அளவைக் கூட்டுவதும், நலமாக இருக்கிறதென்று தாமாக நிறுத்துவதும் கூடாது. குறைப்பதாயினும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். முதன்முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அது பதற்றம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை தமிழில் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. முகாமில் இருபது பேர் முன்னிலையில் கேட்க இயலாததை, ஒரு மூலையில் நின்று தொலைபேசியில் கேட்டுவிடலாம்.

அரசின் பங்கும் உண்டு. நிவாரண முகாமுக்குச் செல்லும் மருத்துவக் குழுவின் பெட்டியில் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு பதற்றத்துக்கும் வலிப்புக்கும் உரிய மருந்துகளும் இருக்க வேண்டும். 'மனசுக்கு ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?' என்பதை எல்லாரிடமும் பொதுவாகக் கேட்கும் பழக்கம் வந்தால், யாரும் தாமாக முன்வந்து சொல்ல வேண்டிய கூச்சம் இராது. கேள்வி பொதுவாகும்போது விடையும் எளிதாகும்.

எம்டன் என்ற சொல்லின் போக்கை எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. குண்டு வீசிய கப்பலின் பெயரை இந்நகரம் பழக்கிப் பழக்கி, தகப்பனைக் கேலி செய்யும் செல்லச் சொல்லாக ஆக்கிவிட்டது. அவ்வளவு பெரிய அச்சத்தை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த மக்களுக்குக் கீழ்ப்பாக்கத்தை வசையிலிருந்து மீட்பது இயலாததன்று. அதற்கு விழா எதுவும் வேண்டியதில்லை. பீரோவுக்குள் இருக்கும் அந்த மாத்திரைப் பட்டையை எடுத்து, சர்க்கரை மாத்திரையின் பக்கத்தில் வைத்தால் தொடங்கிவிடும்.